புழல் முதல் தீர்ப்பு வரை: சென்னையில் சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞராகப் பணியாற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

சட்ட உதவிப் பணிக்கு வந்தபோது எனக்குத் தொழிலில் பதினாறு ஆண்டு அனுபவம் இருந்தது. செஷன்ஸ் வழக்குகளில் பழம் தின்று கொட்டை போட்டவன் என்ற நினைப்பும் இருந்தது. முதல் வாரமே புழல் சிறையில் ஒரு பையன் என்னைப் பார்த்துக் கேட்டான்: “கவர்ன்மென்ட் வக்கீல்தானே நீங்கள்? குற்றத்தை ஒத்துக்கொள்ளச் சொல்லத்தானே வந்திருக்கிறீர்கள்?” எனக்குப் பதில் வரவில்லை.

தனியாகத் தொழில் செய்யும்போது கட்சிக்காரர் நம்மைத் தேடி வருகிறார், பேரம் பேசுகிறார், பணம் கொடுக்கிறார். கொடுக்கும்போதே நம்பிக்கையையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார். இங்கே அவர் நம்மைத் தேர்ந்தெடுக்கவில்லை; யாரோ ஒதுக்கிய பெயர் நாம். அதனால் எல்லா வேலையும் தலைகீழாகத் தொடங்குகிறது. குற்றவியல் விசாரணையில் கை தேர்ந்த, இந்தப் பணிக்கு வர நினைக்கும் அல்லது அண்மையில் வந்திருக்கும் வழக்கறிஞர்களுக்காக இதை எழுதுகிறேன். சட்டம் உங்களுக்குத் தெரியும். வரிசை மட்டும் மாறுகிறது.

1. எதில் சேருகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஏழைக்கு இலவச சட்ட உதவி என்பது தர்மம் அன்று. 1976-இல் அரசமைப்பில் 39ஏ பிரிவு வந்தது. 1979-இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை 21-ஆம் பிரிவின் உயிர் உரிமையோடு இணைத்தது. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 12-ஆம் பிரிவின்படி காவலில் இருப்பவர் எவருக்கும் வருமானம் பார்க்காமல் உதவி உண்டு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அப்படியே. சிறைக்குள் இருப்பவரிடம் வருமானச் சான்றிதழ் கேட்கும் எழுத்தரைப் பார்த்தால் இந்தப் பிரிவை நினைவூட்டுங்கள். கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

முன்பு பேனல் வழக்கறிஞர் முறை மட்டுமே இருந்தது: ஒரு வழக்கு, ஒரு சிறு கட்டணம், மீதி நேரத்தில் சொந்தத் தொழில். தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவான நால்சாவின் 2022-ஆம் ஆண்டுத் திட்டம் முழுநேர அலுவலகத்தைக் கொண்டுவந்தது. அதன் தலைமை வழக்கறிஞருக்குக் குற்றவியலில் குறைந்தது 10 ஆண்டுத் தொழிலும் செஷன்ஸ் நீதிமன்றங்களில் 30 வழக்குகள் நடத்திய அனுபவமும் வேண்டும். துணை வழக்கறிஞருக்கு 7 ஆண்டும் 20 வழக்குகளும். உதவி வழக்கறிஞர்கள் மூன்று ஆண்டுக்குள் தொழிலில் இருக்கும் இளையவர்கள். பணி ஒப்பந்த அடிப்படையிலானது. தனித்தொழிலை விட வேண்டும். மாதத் தொகை எவ்வளவு என்று முதலில் கேட்பார்கள். நான் கேட்கச் சொல்வது வேறு: வீட்டில் உட்கார்ந்து, சொந்த வழக்குக் கட்டுகளை யாரிடம் ஒப்படைக்கிறீர்கள், குமாஸ்தாவுக்கு என்ன வழி செய்கிறீர்கள் என்று தீர்மானித்துவிட்டு வாருங்கள். பழைய கட்சிக்காரர் ஒருவருக்காக “ஒரே ஒரு வாய்தா” என்று போய் நிற்பதில்தான் பலருக்குச் சிக்கல் வருகிறது.

இன்னொரு விதி: கட்சிக்காரரின் வீட்டாரிடம் எதுவும் வாங்காதீர்கள். பழம்கூட வேண்டாம். நீதிமன்ற வாசலில் “இலவச வக்கீல் வேலைக்கு ஆகமாட்டார்” என்று சொல்லி அந்தத் தாயிடம் பணம் பறிக்க ஆட்கள் நிற்கிறார்கள். நீங்கள் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினால் அவர்கள் சொல்வதற்குக் காலும் கையும் முளைத்துவிடும்.

2. முதல் நாளே ஒரு தேதிக் கணக்கு நோட்டு

வாய்தா டைரி எல்லோரிடமும் இருக்கிறது. நான் சொல்வது வேறு நோட்டு. ஒவ்வொரு கைதிக்கும் நான்கு தேதிகள்: கைது, முதல் ரிமாண்ட், 60-ஆம் நாள், 90-ஆம் நாள். பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்தது; இனி வெறும் பிரிவு எண் என்றால் இந்தச் சட்டம்தான்) 187(3)-இன்படி மரண தண்டனை, ஆயுள், பத்தாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களில் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வர வேண்டும், மற்றவற்றில் 60. ரிமாண்ட் செய்யப்பட்ட நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொல்லிவிட்டது. நோட்டில் விரல் விட்டு எண்ணி எழுதுங்கள். பிப்ரவரியில் ஏமாறாதவர் இல்லை.

காலக்கெடு தாண்டினால் ஜாமீன் பெறும் உரிமை தானாகப் பிறக்கும், ஆனால் மனு போட்டால்தான் பலன். சென்னையிலிருந்து போன ஒரு போதைப்பொருள் வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அன்றைக்குக் காலையிலேயே எதிரி (நம் நீதிமன்றங்களில் குற்றம் சாட்டப்பட்டவரை அப்படித்தான் சொல்வோம்) தரப்பு மனுவைத் தாக்கல் செய்துவிட்டது. விசாரணை முகமை தன் கூடுதல் புகாரைக் கொண்டுவந்தது பிறகுதான். மனு முந்தியதால் ஜாமீன் நின்றது. பாடம் எளிது: 61-ஆம் நாளோ 91-ஆம் நாளோ காலையில் நீதிமன்றம் திறக்கும்போது உங்கள் உதவி வழக்கறிஞர் கையில் மனுவோடு நிற்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் அதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிடும். தனியாகத் தொழில் செய்தபோது இந்தத் தேதியை நினைவூட்டக் கட்சிக்காரரின் அண்ணனோ மாமனாரோ இருப்பார்கள். இங்கே நினைவூட்ட ஒருவரும் இல்லை.

3. ரிமாண்டில் நிற்பது

மூத்த வழக்கறிஞர்கள் ரிமாண்டை இளையவர்களிடம் தள்ளிவிடுகிறோம். தவறு. வழக்கின் முதல் ஆவணங்கள் அங்கேதான் பிறக்கின்றன. எழும்பூரிலோ சைதாப்பேட்டையிலோ ஜார்ஜ் டவுனிலோ மாஜிஸ்திரேட் முன் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தும்போது மூன்றே நிமிடம் கிடைக்கும். அதற்குள் அவரிடம் நேராகக் கேளுங்கள்: எத்தனை மணிக்கு, எங்கே பிடித்தார்கள்? காரணத்தை எழுத்தில் கொடுத்தார்களா? வீட்டுக்குச் சொன்னார்களா? அடித்தார்களா? வயது என்ன?

கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும் என்பது 47-ஆம் பிரிவு. அதைப் புரியும்படி சொல்லாத கைது செல்லாது என்று 2025-இலும் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியிருக்கிறது. நேற்று இரவு பிடித்துவிட்டு இன்று மாலை பிடித்ததாக எழுதியிருந்தால், அவர் சொல்லும் நேரத்தை அங்கேயே மாஜிஸ்திரேட்டிடம் சொல்லிப் பதியச் செய்யுங்கள். எட்டு மாதம் கழித்துக் குறுக்கு விசாரணையில் அதைச் சொன்னால் புனைகதை போலத் தோன்றும்.

மாவுக்கட்டைப் பற்றி ஒன்று. கை, காலில் மாவுக்கட்டோடு வந்து, “கழிவறையில் வழுக்கி விழுந்தார்” என்ற குறிப்போடு நிற்பவரைச் சென்னை வழக்கறிஞர் யாவரும் பார்த்திருக்கிறோம். அது நகைச்சுவைத் துணுக்கு ஆகிவிட்டதே பெரிய கேடு. காயத்தை மாஜிஸ்திரேட் தம் கண்ணால் பார்த்து எழுத வேண்டும் என்று கேளுங்கள். மருத்துவப் பரிசோதனைக்கு 53-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. அந்தப் பரிசோதனை அறிக்கையின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வயதை ஏன் கேட்கச் சொன்னேன்? பத்தொன்பது என்று போலீஸ் எழுதியிருக்கும். பள்ளிச் சான்றிதழில் பதினேழரை இருக்கும். சிறார் என்பதை எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம். ஆனால் முதல் நாளே எழுப்பினால் பையன் புழலுக்குப் போகாமல் கெல்லீஸில் உள்ள சிறார் இல்லத்துக்குப் போவான்.

4. புழலில் முதல் சந்திப்பு

இதைத்தான் நான் கற்றுக்கொள்ள அதிக நாள் ஆனது. தண்டனை பெற்றவர்கள் புழல்-1-இல், விசாரணைக் கைதிகள் புழல்-2-இல், பெண்களுக்குத் தனிச்சிறை. மனுக் கொடுத்து, சோதனை முடிந்து, உள்ளே போய் அமர்வதற்குள் காலை போய்விடும். அந்த அலுப்போடு உட்கார்ந்து “என்ன நடந்தது, சொல்லு” என்று தொடங்கினால் அன்றைய பயணம் வீண்.

நான் இப்போது செய்வது இது. முதல் சந்திப்பில் வழக்கைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. என் பெயர், நான் போலீஸின் ஆள் இல்லை, நீ சொல்வதை உன் தாயிடம்கூடச் சொல்லமாட்டேன், உனக்கு வேறு வக்கீல் வைக்க வேண்டுமென்றால் மறுப்பின்றிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். இவ்வளவுதான். பிறகு வீட்டைப் பற்றிக் கேட்பேன்: யார் வந்து பார்க்கிறார்கள், வாடகை யார் கட்டுகிறார்கள், மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயா. கடைசியாக, “வீட்டுக்கு ஒரு சேதி சொல்ல வேண்டுமா?” அன்று மாலையே அந்தச் சேதியைச் சொல்லிவிட வேண்டும். தொடக்கத்தில் சொன்ன அந்தப் பையன் அம்மாவிடம் சொல்லச் சொன்னது, “பைக் சாவி அரிசி டப்பாவில் இருக்கிறது” என்பது. போன் செய்து சொன்னேன். அடுத்த முறை போனபோது அவனாகவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நடந்ததை முதலிலிருந்து சொன்னான். குற்றப்பத்திரிகையில் இல்லாத இரண்டு பெயர்கள் அதில் இருந்தன.

கதையைக் கேட்கும்போது இடைமறிக்காதீர்கள். நீங்கள் செய்தீர்களா, இல்லையா என்று கேட்காதீர்கள். போலீஸ் என்ன சொல்கிறது, எந்தச் சாட்சிக்கு உன்மேல் என்ன கோபம், அன்று காலை முதல் இரவு வரை எங்கெங்கே இருந்தாய் என்று கேளுங்கள். மணி நினைவிருக்காது, “டிபன் சாப்பிட்ட பிறகா, அந்தக் கடையை மூடுவதற்கு முன்பா” என்று கேட்டால் நினைவு வரும்.

பீகார், ஒடிசா, வங்கத் தொழிலாளிகள் சிறையில் நிறைய இருக்கிறார்கள். பக்கத்து அறைக் கைதியை மொழிபெயர்க்கச் சொல்வது வழக்கம், செய்யாதீர்கள். அந்த ஆள் சில வேளை அதே வழக்கின் இன்னொரு எதிரியின் கூட்டாளியாக இருப்பார். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று ஆணைக்குழுவுக்கு எழுதிக் கேளுங்கள்.

ஒரே வழக்கில் இரண்டு எதிரிகள் ஒருவரையொருவர் கைகாட்டினால் ஒரே அலுவலகம் இருவருக்கும் நிற்கக் கூடாது. ஒருவரைப் பேனல் வழக்கறிஞருக்கு மாற்றச் சொல்லுங்கள். இரண்டாவது ஆளின் கதையைக் கேட்பதற்கு முன்பே மாற்ற வேண்டும்.

5. ஜாமீன்: உத்தரவு கிடைத்தால் பாதி வேலைதான்

ஜாமீன் வாதம் உங்களுக்குத் தெரிந்ததே. தெரியாதது அதற்குப் பிறகு வருவது. இரண்டு பிணைதாரர்கள், வரி ரசீது, ஆதார் நகல். நடைபாதையில் தூங்கும் ஆளுக்கு வரி ரசீதோடு யார் வருவார்? உத்தரவு கையில் இருந்தும் மாதக்கணக்கில் உள்ளே கிடப்பவர்கள் உண்டு. 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கு வழி சொன்னது: ஒரு வாரத்தில் வெளியே வராதவரின் பெயரைச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதமாகியும் பிணை கொடுக்க முடியாவிட்டால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று பார்க்கலாம். அந்தப் பட்டியலை மாதமொரு முறை நீங்களே கேட்டு வாங்குங்கள். தளர்த்தல் மனுவில் அவருடைய வேலை, தினக் கூலி, குடும்பத்தை எழுதுங்கள். வெறும் “ஏழை” என்று எழுதினால் நீதிபதிக்கு எதுவும் தெரியாது.

479-ஆம் பிரிவையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அதிகபட்சத் தண்டனையில் பாதியை விசாரணைக் கைதியாகவே கழித்தவருக்கு ஜாமீன். இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு போதும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு இது பொருந்தாது. வேறு வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் சிக்கல்.

குண்டர் சட்டம் வேறு கதை. 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் தமிழ்நாடு சட்டத்தின்படி ஓராண்டு வரை தடுப்புக் காவலில் வைக்கலாம். “ஜாமீனில் வெளியே வர வாய்ப்பிருக்கிறது” என்பதைக் காரணமாக எழுதித்தான் உத்தரவு போடுவார்கள். ஆகவே பழைய வழக்குகள் நிறைய உள்ள ஆளுக்கு அவசரப்பட்டு ஜாமீன் மனு போடும்முன் யோசியுங்கள். உங்கள் மனுவே அவர்கள் உத்தரவுக்கு அடித்தளம் ஆகலாம். உத்தரவு வந்துவிட்டால் உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழுவுக்கு உடனே அனுப்புங்கள். கொடுத்த நகல்களில் படிக்க முடியாத பக்கம் எது, தமிழாக்கம் இல்லாத ஆவணம் எது என்று முன்பே குறித்து அனுப்பினால் ஆட்கொணர்வு மனு எழுதுபவர் உங்களை வாழ்த்துவார்.

6. கட்டைப் பிரித்துப் படிப்பது

230-ஆம் பிரிவின்படி நகல்கள் இலவசமாக வரும். வந்ததும் குற்றப்பத்திரிகையை முதலில் படிக்காதீர்கள். அது புலன் விசாரணை அதிகாரி கோர்த்துக் கொடுத்த கதை. ஒரு முறை படித்தால் பிறகு எல்லா ஆவணத்தையும் அந்தக் கதையின் கண்ணாலேயே பார்ப்போம். கால வரிசையில் படியுங்கள். முதலில் மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல். ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையிலோ கீழ்ப்பாக்கத்திலோ ராயப்பேட்டையிலோ பணியில் இருந்த மருத்துவர், காயம்பட்டவர் வந்ததும் எழுதியது. யார் கூட்டிவந்தார், எத்தனை மணிக்கு, எத்தனை பேர் தாக்கியதாகச் சொன்னார், தெரிந்தவர்களா தெரியாதவர்களா. போலீஸின் கை படாத முதல் காகிதம் அது. பெயரை எழுதுவது மருத்துவரின் வேலை அல்ல என்று அரசுத் தரப்பு சொல்லும். அதில் நியாயமும் உண்டு. ஆனால் “தெரியாத மூன்று நபர்கள்” என்று சொன்னவர், இரண்டு மணி நேரம் கழித்து ஐந்து பேரைப் பெயரோடும் அப்பன் பெயரோடும் சொன்னால் நீதிபதி நிமிர்ந்து உட்காருவார்.

இரண்டாவது, முதல் தகவல் அறிக்கை. பதிவான நேரத்தைவிட மாஜிஸ்திரேட்டுக்குப் போய்ச் சேர்ந்த நேரம் முக்கியம். அவருடைய சுருக்கொப்பத்தின் கீழ் நேரம் எழுதியிருக்கும். நகலில் மங்கியிருந்தால் நீதிமன்றக் கோப்பில் மூலத்தைப் பாருங்கள். இரவு 11 மணிக்குப் பதிவான அறிக்கை மறுநாள் மாலை போயிருந்தால் அந்த இடைவெளியில் பெயர்கள் சேர்ந்தனவா என்பது உங்கள் கேள்வி. அப்படியே சாட்சிகளின் 180-ஆம் பிரிவு வாக்குமூலங்கள்: சம்பவத்தன்றே பதிந்ததாகத் தேதி இருக்கும், நீதிமன்றத்துக்கு வந்த முத்திரை நாலு மாதம் கழித்துக் குற்றப்பத்திரிகையோடு இருக்கும்.

மூன்றாவது, பார்வை மகஜரும் (சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் குறிப்பு) மாதிரி வரைபடமும். நான்காவது, கைது, ஒப்புதல் வாக்குமூலம், கைப்பற்றுதல் மகஜர், பொருளை நீதிமன்றத்துக்கு அனுப்பும் படிவம் 95 என்ற சங்கிலி. போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் சாட்சியம் ஆகாது. அதில் எந்தத் தகவலால் பொருள் கிடைத்ததோ அந்தத் துண்டு மட்டும் ஆகும். பழைய சாட்சியச் சட்டத்தின் 25 முதல் 27 வரை இருந்தது இப்போது சாக்ஷிய அதிநியமத்தின் 23-ஆம் பிரிவுக்குள் வந்துவிட்டது. முழு வாக்குமூலத்தையும் சான்றாவணமாகக் குறியீடு செய்ய விட்டுவிடாதீர்கள். அனுமதிக்கத்தக்க பகுதியை மட்டும் குறியிட வேண்டும் என்று எழுந்து நின்று ஆட்சேபியுங்கள். 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்த தேடுதல், கைப்பற்றுதல்களை 105-ஆம் பிரிவின்படி ஒலி, ஒளிப்பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவைக் கேளுங்கள். இல்லையென்றால் இல்லை என்பதே உங்களுக்கு ஒரு கேள்வி.

இதையெல்லாம் படிக்கும்போதே ஓர் அவசர வேலை: கட்சிக்காரர் வேறிடத்தில் இருந்ததாகச் சொன்னால் சிசிடிவி பதிவு. கடைக்காரரின் பெட்டியில் பழைய பதிவு சில வாரங்களில் அழிந்து புதியது ஏறிவிடும். பதிவைப் பாதுகாக்கவும் தாக்கல் செய்யவும் 94-ஆம் பிரிவில் உடனே மனு. விசாரணை தொடங்கட்டும் என்று காத்திருந்தால் பெட்டியில் அடுத்த ஆண்டுப் பொங்கல் வியாபாரம்தான் இருக்கும்.

7. இடத்தைப் போய்ப் பாருங்கள்

சம்பவம் நடந்த அதே நேரத்தில் போங்கள். வடசென்னையில் ஒரு தெரு. இரவு பத்து மணிக் கத்திக்குத்து. வரைபடத்தில் கைப்பம்பு இருக்கிறது, ரேஷன் கடை இருக்கிறது, மின்கம்பம் இல்லை. பார்வை மகஜரிலும் வெளிச்சத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. “இருட்டில் எப்படி அடையாளம் கண்டாய்?” என்ற கேள்வி என் நாக்கு நுனியில் நின்றது. இரவு பத்துக்குப் போய்ப் பார்த்தேன். கம்பம் இருந்தது. அதன் கீழே கேரம் விளையாடிக்கொண்டிருந்தார்கள். காய்களின் நிறம்கூடத் தெரிந்தது. பல ஆண்டாக அங்கேதான் எரிகிறது என்றார் பக்கத்து வீட்டு அம்மா. போலீஸ் எழுத மறந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், எனக்குப் பின் அதே சாட்சியை மறுவிசாரணை செய்யும்போது அரசு வழக்கறிஞர் கம்பத்தை நட்டிருப்பார், என் மீதிக் கேள்விகளும் சேர்ந்து சாய்ந்திருக்கும். கேள்வியை விட்டேன், விபத்துப் பதிவேட்டைப் பிடித்தேன்.

8. குறுக்கு விசாரணை

சாட்சியை அரசுத் தரப்பு கேட்கும் முதல் விசாரணை முடிந்ததும் குறுக்கு விசாரணைக்கு வாய்தா கேட்கும் பழக்கம் நம் நீதிமன்றங்களில் ஊறியது. 2015-இல் உச்ச நீதிமன்றம் இதை மிகக் கடுமையாகக் கண்டித்தது. சட்ட உதவி வழக்கறிஞர் வாய்தா கேட்டால் உள்ளே இருப்பவரின் காவல்தான் நீள்கிறது. தயாராகப் போங்கள். மரண தண்டனை, ஆயுள் தண்டனை வழக்கில் தயாரிப்புக்குக் குறைந்தது ஏழு நாள் தர வேண்டும் என்று 2019-இல் அனோக்கிலால் வழக்கில் சொல்லப்பட்டிருக்கிறது. காலையில் நியமித்து மதியம் நடத்தச் சொன்னால் அதைக் காட்டி மறுத்துவிடுங்கள்.

இப்போது முரண்பாட்டைப் பதிவு செய்யும் முறை. அனுபவசாலிகளும் இங்கே வழுக்குகிறோம். அ.சா.2 (அரசுத் தரப்பின் இரண்டாம் சாட்சி) கூண்டில், “எதிரி கத்தியால் என் இடது கையில் குத்தியதை என் தங்கை பார்த்தாள்” என்கிறார். போலீஸ் வாக்குமூலத்தில் தங்கையே இல்லை. முதலில் அவரை அதே சொல்லில் நிலைநிறுத்துங்கள். பிறகு, போலீஸ் விசாரித்தபோது இதைச் சொன்னீர்களா என்று கேளுங்கள். சொன்னேன் என்பார். அப்போது பதிவாக வேண்டியது: “என் தங்கை சம்பவத்தைப் பார்த்தாள் என்று நான் போலீஸ் விசாரணையில் சொல்லவில்லை என்று சொன்னால் சரியல்ல.” இத்துடன் பாதி முடிந்தது. மீதிப் பாதி, பல மாதம் கழித்து வரும் புலன் விசாரணை அதிகாரியிடம்: “அ.சா.2 தம் தங்கை சம்பவத்தைப் பார்த்ததாக என்னிடம் சொல்லவில்லை என்று சொன்னால் சரிதான்.” இந்த இரண்டாவது வரி இல்லாவிட்டால் முரண்பாடு நிரூபிக்கப்படவில்லை.

ஒரு வழக்கில் அ.சா.2-இடம் ஒன்பது விடுபடல்களை அழகாகப் பதிவு செய்தேன். ஒன்றரை ஆண்டு கழித்து அதிகாரி வந்த நாளில் வேறு இரண்டு நீதிமன்றங்களில் வேலை. ஓடி வந்து ஆறைக் கேட்டேன், மூன்றை மறந்தேன். மறந்த மூன்றில்தான் வழக்கு இருந்தது. 348-ஆம் பிரிவில் அதிகாரியை மீண்டும் அழைக்க மனு போட்டு, அது தள்ளுபடியாகி, கடைசியில் அந்த ஆளுக்குத் தண்டனை. அன்று முதல் ஒவ்வொரு கட்டின் கடைசிப் பக்கத்திலும் சிவப்பு மையில் ஒரு பட்டியல்: புலன் விசாரணை அதிகாரியிடம் கேட்க வேண்டியவை. சாட்சி கூண்டை விட்டு இறங்குவதற்கு முன்பே உதவி வழக்கறிஞர் அதில் எழுதிவிட வேண்டும். வேறு யார் வந்து நடத்தினாலும் பட்டியல் கேள்வி கேட்கும்.

சாட்சியம் தமிழில் பதிவாகிறது. தட்டச்சாகும்போதே திரையைப் பாருங்கள். “பார்த்திருக்கலாம்” என்று சாட்சி சொன்னது “பார்த்தேன்” என்று விழும். அப்போதே, “ஐயா, சாட்சி சொன்னது அதுவல்ல” என்று பணிவாகச் சொல்லித் திருத்துங்கள். மறுநாள் சொன்னால் சண்டை.

பிறழ் சாட்சி கிடைத்தால் கொண்டாடாதீர்கள். பிறழ்ந்தவரின் சாட்சியத்திலும் நம்பத்தக்க பகுதியை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். அரசு வழக்கறிஞர் அவரைக் குறுக்கு விசாரணை செய்த பிறகு “கேள்வி இல்லை” என்று உட்கார்ந்துவிடும் சோம்பல் நமக்கு இருக்கிறது. எந்த வரி உங்கள் கட்சிக்காரரைத் தொடுகிறதோ அதை மட்டுமாவது கேளுங்கள்.

9. 351-ஆம் பிரிவுக் கேள்விகள்

அரசுத் தரப்புச் சாட்சியம் முடிந்ததும் நீதிமன்றம் எதிரியிடம் அதைப் பற்றிக் கேட்கும். எல்லாக் கேள்விக்கும் “பொய்” என்று சொல்லிவிடு என்பது நம்முடைய பழைய பாடம். அது எப்போதும் பொருந்தாது. கட்சிக்காரரிடம் விளக்கம் இருந்தால் எழுத்து வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய அதே பிரிவில் இடம் இருக்கிறது. கேள்விப் பட்டியலில் எந்தச் சான்று விடுபட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். கேட்கப்படாத சான்றைக் கொண்டு தண்டிப்பது மேல்முறையீட்டில் கேள்விக்குள்ளாகும்.

10. தீர்ப்பு நாள்

தண்டனை என்றால், தண்டனை அளவு குறித்த 258(2) விசாரணையை “வயதான தாய் இருக்கிறார், கருணை காட்டுங்கள்” என்ற ஒரு வரியில் முடிக்காதீர்கள். சிறையில் கழித்த நாள்களின் கணக்கு, சிறை நடத்தை, படிப்பு, வேலை, முதல் குற்றம் என்றால் நன்னடத்தைச் சட்டம், எல்லாம் எழுத்தில். காவலில் இருந்த நாள்களைக் கழிக்கும் உத்தரவு தீர்ப்பிலேயே இருக்கிறதா பாருங்கள். தீர்ப்பு நகல் அவருக்கு இலவசம். மேல்முறையீட்டு உரிமையை அன்றே, அவருக்குப் புரியும் மொழியில் சொல்லி, உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதானால் கட்டின் முழு நகலோடு குழுவுக்கு அனுப்புங்கள்.

விடுதலை என்றால் வேலை அன்று மாலைதான் தொடங்குகிறது. விடுதலை உத்தரவு சிறைக்குப் போய்ச் சேர்ந்ததா, அவர் மேல் வேறு வழக்கில் பிடிவாரண்ட் நிற்கிறதா என்று முன்னதாகவே சிறையில் கேட்டுவையுங்கள். இல்லையென்றால் வாசலிலேயே வேறு போலீஸ் காத்திருக்கும். கைப்பற்றிய போனையும் பைக்கையும் திரும்பக் கேட்கும் மனுவை அதே வாரம் போடுங்கள். வீட்டாருக்குப் போன் செய்து, எத்தனை மணிக்கு வெளியே விடுவார்கள் என்று சொல்லுங்கள். பிடித்த அன்று போட்டிருந்த சட்டையோடு, சட்டைப் பையில் காசில்லாமல்தான் பெரும்பாலும் வெளியே வருகிறார்கள். அந்த அரிசி டப்பாப் பையன் வந்தது இரவு ஏழரை மணிக்கு. அம்மாவுக்குப் பஸ் கிடைக்கவில்லை. நானும் என் உதவி வழக்கறிஞரும் டீக்கடையில் காத்திருந்தோம். வந்தவன் முதலில் கேட்டது, பைக் ஸ்டார்ட் ஆகிறதா என்று.